வீடு துப்பரவாச்சு, வெடில் போகவில்லை

வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் வன்னியில் 31 வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: ஐயா, என் மாமிக்கு 73 வயது. விசுவமடுவில் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் தனியாக இருந்தவர். எதையும் எறியமாட்டார். பால்மா ரின்கள், தண்ணீர்ப் போத்தல்கள், உரப்பை உரப்பையாகப் பழந்துணி, முகாமில் கொடுத்த போர்வைகள், தறப்பாள் துண்டுகள், பேப்பர் என்று இரண்டு அறையும் விறாந்தையும் நிரம்பி, குசினிக்குப் பக்கவாட்டில்தான் போகலாம். நாலைந்து பூனைகளும் உள்ளேதான். போன மாதம் விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அந்த இடைவெளியில் நாங்கள் நாலு பேர் மூன்று நாள் நின்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காணியின் பின்பக்கம் குவித்தோம். பாதியை எரித்துவிட்டோம். வீடு வெறுமையாகிவிட்டது, ஆனால் வெடில் போகவில்லை. பினைல் ஊற்றினோம், சாம்பிராணி போட்டோம், இரண்டு நாள் நல்லது. போன கிழமை ஒரு மழை பெய்தது, பழையபடி வந்துவிட்டது. பூனை இருந்த மூலைக்கு இவர் குளோரினை ஊற்றியபோது கண் எரிந்து மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தார். கனடாவில் இருக்கும் மைத்துனர் ஓசோன் மெஷின் ஒன்று அனுப்பட்டா என்று கேட்கிறார். மூன்று கிழமையில் மாமி வீட்டுக்கு வருகிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், விசுவமடு

பதில்: மகள், முதலில் அந்தச் சாம்பிராணியையும் பினைலையும் ஒரு கிழமைக்கு ஒதுக்கி வையுங்கள். வெடிலுக்கு மேல் வாசம் போட்டால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு மணம் வரும். அது முதல் இரண்டையும் விட மோசம். எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் அது விடாது.

வெடில் காற்றில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. ஏதோ ஒன்றுக்குள் ஊறிக் கிடக்கிறது, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்புகிறது. இந்திய வீட்டுத் திட்டத்து வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை இலட்ச ரூபாயை வைத்துக்கொண்டு ஆட்கள் தாங்களே நின்று கட்டிய வீடுகள். எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் உள்ளறைக்கு வரும்போது காசு முடிந்து, சுவர் பூசாமலே நிற்கிறது. பூசாத சீமெந்துக் கல் தேத்தண்ணிக்குள் விழுந்த பிஸ்கட் மாதிரி. எதைத் தெளித்தாலும் உறிஞ்சும். பத்துப் பன்னிரண்டு வருடம் பூனை மூத்திரத்தையும் எலி மூத்திரத்தையும் உறிஞ்சிய சுவரை மேலால் ஒரு பினைல் துடைப்பில் மாற்ற முடியாது.

எங்கே ஊறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இரவு கதவு யன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வாருங்கள். விடிய, வாய் கொப்பளித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க முன் போய்க் கதவைத் திறங்கள். முதல் ஐந்து நிமிடம்தான் மூக்கு உண்மை சொல்லும், பிறகு பழகிவிடும். குனிந்து போங்கள். நிலத்து மூலைகள், கதவு நிலையின் அடி, சுவரில் முழங்கால் உயரம் வரை மணந்து பாருங்கள். கடுவன் பூனை நிலத்தில் இருப்பதோடு நிற்காது, சுவரில் பீச்சும். ஆட்கள் நிலத்தைத் தேய் தேயென்று தேய்த்துவிட்டுச் சுவரை விட்டுவிடுகிறார்கள். மணக்கிற இடத்தில் சோக்கால் வட்டம் போடுங்கள். கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா வெளிச்ச ரோர்ச் கடைக்காரர் யாரிடமாவது இருந்தால் ஒரு இரவு இரவல் வாங்குங்கள். இருட்டில் அடித்தால் பழைய மூத்திரக் கறை பச்சை மஞ்சளாக மினுங்கும். நான் முதல்முறை பார்த்தபோது சுவர் முழுக்க யாரோ மை தெளித்த மாதிரி இருந்தது, அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

இனி உங்கள் கணவரின் மூச்சு முட்டல். நல்ல காலம், வெளியே ஓடி வந்தார். மூத்திரம் பழசானால் அமோனியா. அதன் மேல் குளோரினை ஊற்றினால் குளோரமீன் என்ற நச்சுவாயு கிளம்பும். கக்கூஸ் கழுவுகிற அசிட்டையோ, வினாகிரியையோ, தேசிக்காய்ப் புளியையோ குளோரினோடு சேர்த்தால் வருவது இன்னும் கெட்டது, நேரே குளோரின் வாயு. பூட்டிய அறைக்குள் அது ஆளைக் கொல்லும். ஒரு நாளைக்கு ஒரு மருந்து, இடையில் நல்ல தண்ணீரால் கழுவல். இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவருக்கு இன்னும் இருமலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் இந்தப் பதிலை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

எலிதான் எனக்குப் பெரிய கவலை. நீங்கள் நாலு பேரும் கையுறை போட்டீர்களா என்று எழுதவில்லை, ஆகவே போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் காலில் உள்ள சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஆட்கள் அடுத்தடுத்துச் செத்தது இந்தக் காய்ச்சலால்தான். வேலை செய்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உங்களில் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் போய் வைத்தியரிடம் ‘எலி இருந்த வீடு துப்பரவாக்கினோம்’ என்று வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? வயல்காரருக்குக் கொடுக்கிற தடுப்பு மாத்திரை உங்களுக்கும் தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பார்மசியில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

மிச்சமிருக்கிற எலிப் புழுக்கையைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். காய்ந்த புழுக்கை தூளாகி எழும்பும், அதைச் சுவாசிப்பீர்கள். கதவு யன்னலை அரை மணித்தியாலம் திறந்து விட்டு, றபர் கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, குளோரின் தண்ணீரை மெதுவாக ஊற்றி நனையுங்கள். பத்து நிமிடம் விட்டு, பழைய பேப்பரால் அள்ளிப் பைக்குள் கட்டுங்கள். சுவர் முகட்டோடு முட்டுகிற இடத்தையும் ஏணி வைத்துப் பாருங்கள், எலி அங்கேதான் குடியிருக்கும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

குளோரின் தண்ணீர் செய்கிற கணக்கு: நாங்கள் ரீ.சி.எல். தூள் என்கிற, கடையில் புளீச்சிங் பவுடர் என்று விற்கிற வெள்ளைத் தூளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குளோரின். கரண்டிக் கணக்கு வேண்டாம், கடையில் 150 கிராம் நிறுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். அதைப் பத்து லீற்றர் தண்ணீர் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்தால் அரை வீதக் கரைசல். எலிப் புழுக்கைக்கும் கக்கூஸுக்கும் இது. பொதுவாக நிலம் துடைக்க அதே வாளிக்கு 30 கிராம் போதும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும், ஆகவே அன்றன்றைக்குக் கரையுங்கள். முக்கியமான விஷயம், ஊத்தையின் மேல் ஊற்றினால் குளோரின் ஊத்தையோடு சண்டை பிடித்தே செத்துவிடும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. சவர்க்காரத் தூளும் தண்ணீரும் தேங்காய்த் தும்பும்தான் முதல், குளோரின் கடைசி. முழு வீட்டையும் சவர்க்காரத் தண்ணீரால் மேலிருந்து கீழாக இரண்டு தரம் கழுவினாலே முக்கால்வாசி வெடில் போய்விடும். ஆட்களுக்கு மருந்தில் நம்பிக்கை, சவர்க்காரத்தில் இல்லை.

சோக் வட்டம் போட்ட பூனை இடங்களுக்குக் குளோரினைக் கொண்டுபோகவே வேண்டாம். பூனை மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் உப்புப் படிகமாகக் கல்லுக்குள் இறங்கி நிற்கும், தண்ணீரில் இலேசில் கரையாது. காயும்போது அடங்கும், ஈரம் பட்டால் திரும்ப மணக்கும். மழையோடு வெடில் வந்ததற்கு இதுதான் காரணம். இதற்கென்று நொதியம் கலந்த திரவங்கள் இருக்கின்றன. பூனை நாய்ச் சாமான் விற்கிற பெரிய கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், சவர்க்காரத்தால் கழுவிக் காய்ந்த இடத்தில் அப்பச்சோடாவைத் தூவி, பார்மசியில் விற்கிற மூன்று வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு துளி விட்டு, அதன் மேல் ஊற்றுங்கள். நுரைக்கும். கால் மணித்தியாலம் விட்டுத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். கல் குடித்த ஆழத்துக்கு மருந்தும் குடிக்க வேண்டும், ஆகவே கஞ்சத்தனம் கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுச் செய்யுங்கள். கலந்த மிச்சத்தைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள், வெடிக்கும்.

பிறகு காயவிடுங்கள். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். இப்போது சோளகக் காற்று வீசுகிறது, அதுதான் உங்களுக்குக் கிடைத்த கூலியில்லாத வேலைக்காரன். ஒரு கிழமை முழுக்கக் கதவுகளைத் திறந்து, காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக விடுங்கள். கல்லில் கை வைத்தால் குளிர்மை தெரியக்கூடாது. அதற்குப் பிறகு சுண்ணாம்பு. கல்சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி (தண்ணீர் கொதிக்கும், கண்ணைக் கவனம்), மறுநாள் வடித்து இரண்டு தரம் பூசுங்கள். அதன் காரத்தில் பூஞ்சணம் நிற்காது, விலையும் பெயின்ற் விலையில் ஒரு சிறு பங்குதான். ஈரச் சுவரில் பெயின்ற் அடித்து வெடிலை மூடிவிடலாம் என்று யாராவது மேசன் சொன்னால் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுங்கள். மாரிக்கு அது கொப்பளித்து உரியும், வெடிலும் கூடவே வரும். நிலத்தில் வெடிப்பு இருந்தால், நல்லாகக் காய்ந்த பின் சீமெந்துப் பால் ஊற்றி மெழுகிவிடுங்கள்.

மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த கதிரை எல்லாம் எறியத்தான் வேண்டும். மர அலுமாரியின் லாச்சிகளைக் கழற்றி உட்பக்கம் அரத்தாள் பிடித்து, வெயிலில் நாலு நாள் வைத்து, வார்னிஷ் அடித்தால் தப்பும்.

ஓசோன் மெஷினை மைத்துனர் அனுப்ப வேண்டாம். கனடாவில் இப்படியான வீடுகளைத் துப்பரவாக்கும் கொம்பனிக்காரர் அதைப் பாவிக்கிறார்கள்தான், அதுவும் கழுவித் துடைத்து முடித்த பிறகு, ஆளும் பூனையும் இல்லாத வீட்டில். ஓசோன் நுரையீரலைப் பிடிக்கும், கல்லின் உள்ளே போகாது. அந்தத் தபால் செலவுக்கு ஒரு புது மெத்தையும் இரண்டு மூடை சீமெந்தும் வாங்கித் தரச் சொல்லுங்கள். உள்ளே ஏதும் வைக்கத்தான் வேண்டும் என்றால், இடித்த சிரட்டைக்கரியைப் பழைய துணியில் முடிந்து அலுமாரிக்குள் போடுங்கள். இதே சிரட்டைக்கரியைக் கடும் சூட்டில் நீராவியால் பதப்படுத்தி, வடிகட்டிகளுக்கென்று நம் நாடு ஏற்றுமதி செய்கிறது. உங்கள் அடுப்புக்கரி அவ்வளவுக்கு இழுக்காது, கொஞ்சம் இழுக்கும்.

பின்பக்கக் குவியலில் மிச்சத்தை எரிக்காதீர்கள். பிளாஸ்ரிக் புகை வீட்டுக்குள்தான் திரும்பி வரும். ரின்னும் போத்தலும் மழைத் தண்ணீர் பிடித்தால் நுளம்புப் பண்ணை. பிரதேச சபையில் சொன்னால் ஒரு நாள் குறித்து உழவு இயந்திரம் அனுப்புவார்கள். குவியலைக் கையால் கிளறவும் வேண்டாம், எலி இருந்த இடத்துக்குப் புடையன் பாம்பு வரும். பயிருக்கு அடிக்கிற பழைய கிருமிநாசினிப் போத்தல் இருந்தால் கழுவ நினைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். இன்னொன்று, விசுவமடுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். உரப்பைக்குள் துருப்பிடித்த, என்னவென்று தெரியாத இரும்பு ஏதும் இருந்தால் அது போர்க்காலத்து வெடிக்காத குண்டாக இருக்கலாம், தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். நீங்கள் விலகி நின்று பொலிசின் 119க்கு எடுங்கள்.

மாமியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மூன்று கிழமையில் அவர் வந்து வாசலில் நிற்கப் போகிறார். இப்படிச் சேர்த்து வைப்பதை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் தனி நோயாகவே சேர்த்தது. உங்கள் மாமிக்கு அந்த நோயா என்று நான் சொல்ல முடியாது, அதை ஒரு வைத்தியர்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் வேலையில் இருந்த காலத்தில், மீள்குடியேறி இரண்டு மூன்று வருடத்தில், டெங்குப் பரிசோதனை என்று போய் ஒரு அம்மாவின் வளவைச் சட்டத்தைச் சொல்லி வெளியாக்கினேன். தறப்பாள் துண்டுகளை நாலாக மடித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிறச் சேலைக் கரையால் கட்டி அடுக்கியிருந்தார். சிலதில் யூ.என்.எச்.சி.ஆர். என்ற, ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் நீல எழுத்து அரைவாசி அழிந்து தெரிந்தது. நான் ஏற்றச் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. ‘பச்சைக் கரை தருமபுரம், மஞ்சள் தேவிபுரம், அந்தச் சிவப்பு மாத்தளன்’ என்று, போரில் இடம்பெயர்ந்து போன ஊர்களைச் சொல்லிக்கொண்டே நின்றார். ஏற்றி முடித்தேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது வளவு பழையபடி நிரம்பியிருந்தது, இந்த முறை எனக்குக் கதவு திறக்கவில்லை.

ஆகவே குவியலை ஏற்ற முன் மாமியிடம் போய்ச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். எது வேண்டும் என்று கேளுங்கள். தண்ணீர்க் கான் ஒன்றோ போர்வை ஒன்றோ சொல்வார். தேடி எடுத்து, சவர்க்காரத்தில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டு, அவர் கட்டிலில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற தட்டில் வையுங்கள். தட்டு எவ்வளவு பெரிது என்பதை அவரோடு பேசி முடிவு பண்ணுங்கள். பூனைகளில் ஒன்றையாவது விட்டு வையுங்கள், குட்டி போடாமல் சத்திரசிகிச்சை செய்து, வெளி விறாந்தையில். எலிக்கும் அது நல்லது.

கேள்வி: அப்பா இறந்த பிறகு அவருடைய அறையைத் திறந்தோம். றங்குப் பெட்டிக்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் படங்கள் எல்லாம் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப் போய்க் கிடக்கின்றன. கையில் எடுத்தாலே மணக்கிறது. காப்பாற்றலாமா?
– வவுனியா வாசகர்

பதில்: வெயிலில் போடாதீர்கள், படம் சுருளும், மை வெளிறும். நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒவ்வொன்றாகப் பரப்பிக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டு, வெளி முற்றத்தில் மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டுங்கள். ஈரத்தில் துடைத்தால் பூசுப்படும். ஒட்டிய படங்களை இழுக்க வேண்டாம். தெரிகிற பக்கத்தை முதலில் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்ரூடியோவில் கழுவிய பழைய படமென்றால் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் ஊறப் போட்டால் தானாகக் கழன்று வரக்கூடும், ஒன்றில் பரீட்சித்துப் பாருங்கள். மணத்துக்கு, மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் ஒரு கிண்ணம் அப்பச்சோடா வைத்து, கடதாசியில் படாமல், இரண்டு கிழமை மூடி வையுங்கள். உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கலியாணப் படத்துக்கு எங்கேயும் பிரதி இல்லை, முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: பூட்டியிருந்த வீட்டில் கறன்ற் வெட்டி ஆறு மாதம். பிறிஜ்ஜுக்குள் மீன் இருந்திருக்கிறது. எல்லாம் செய்து பார்த்தோம்.
– முல்லைத்தீவு

பதில்: பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிகிற தட்டைக் கழற்றிக் கழுவினீர்களா? கதவு றபரின் மடிப்புக்குள்? இரண்டும் செய்தும் மணந்தால், மீன் தண்ணீர் உட்சுவரின் பஞ்சுக்குள் இறங்கிவிட்டது. அதை எந்த மருந்தும் எடுக்காது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், கதவைக் கழற்றிவிட்டு. பிள்ளைகள் உள்ளே ஒளித்து விளையாடுவார்கள்.

கேள்வி: கழுவி முடித்த வீட்டுக்குச் சாணி தெளித்தால் கிருமி சாகும் என்று அம்மம்மா சொல்கிறா. உண்மையா?
– மாங்குளம்

பதில்: இல்லை பிள்ளை. கிருமி சாணிக்குள்தான் இருக்கிறது, ஏற்புவலிக் கிருமி உட்பட. அம்மம்மா ஆசைப்பட்டால் முற்றத்துக்குத் தெளிக்கட்டும், புழுதி அடங்கும், எனக்கும் அந்த மணம் விருப்பம்தான். கழுவிய அறைக்குள் வேண்டாம். இதை நான் எழுதியது என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம், எங்கள் விறாந்தையில் வெள்ளிக்கிழமை தோறும் நடப்பது அதுதான்.